பெட்டியில் இருந்தும் கைக்கு எட்டாத மடல்கள்

முத்துக்குளித்துறைச் சொற்களைப் பற்றி இம்மலருக்கு ஒரு கட்டுரை எழுதுமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தபோது, அஃது எளிய வேலை என்றே எண்ணினோம். நமக்கு ஆசிரியராக விளங்கி, இத்துறையிலேயே பணி நிறைவுற்று மறைந்த பேராசிரியர் ஒருவர், 2001 முதல் 2004 வரை தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் முதிய குளியாட்களைத் தேடிச் சென்று அவர்தம் தொழிற்சொற்களைச் சேகரித்தார். அவற்றைக் கொழும்பிலிருந்த தம் நண்பர் ஒருவருக்கு மின்னஞ்சலில் எழுதி, மன்னார்க் கரையில் அச்சொற்கள் எவ்வாறு வழங்குகின்றன என்று கேட்டறிந்தும் வந்தார். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடைபெற்றது 1961ஆம் ஆண்டில். அதில் மூழ்கியவர்களை அவர் சந்தித்தபோதே அவர்களுக்கு அகவை முதிர்ந்திருந்தது. இன்று அவர்களைக் கேட்க இயலாது.

பேராசிரியர் ஓய்வு பெற்ற நாளில் அம்மடல்கள் யாவும் வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுக்கப்பட்டன. அது துறையின் இரும்புப் பேழையில் பத்திரமாக இருக்கிறது. அதைக் கணினியில் இணைத்துச் ‘சலாபம்’ என்று தேடினோம். ஒன்றுமில்லை என்று விடை வந்தது. ‘சம்மாட்டி’ என்று தேடினோம், அதுவும் இல்லை. தோலாயிரம் பார் என்னும் புகழ் பெற்ற முத்துப்பாரின் பெயரையும் தட்டிப் பார்த்தோம். முத்துக்குளிப்பைப் பற்றியே எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான மடல்களில் சலாபம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லையாம்!

மடல்கள் அழியவில்லை. பேராசிரியர் அவற்றைத் திஸ்கி என்னும் குறியாக்கத்தில் எழுதியிருந்தார். 1990களின் பிற்பகுதியில் கணித்தமிழ் அன்பர்கள் கூடி வகுத்த முறை அது. அதில் ‘கோ’ என்று எழுதினால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ககரம், அதன் பின் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும். இன்றைய ஒருங்குறியிலோ ககரமும் ஓகார உயிர்க்குறியும் என இரண்டே குறிகள். தேடுபவன் ஒரு மொழியில் கேட்கிறான். பெட்டி வேறொரு மொழியில் காத்திருக்கிறது. அக்காலத்தில் இத்தகைய முறைகள் பல. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்னும் முறைகளைத் தரமாக அறிவித்தது. 2010இல்தான் ஒருங்குறியை ஏற்றது. இலங்கை அன்பர்கள் மிகுதியாகப் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் வந்த மறுமொழிகள், அவ்வெழுத்துரு இல்லாத திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடக்கின்றன.

ஒருங்குறியில் எழுதினால் தொல்லை தீர்ந்தது என்றும் கருதிவிடலாகாது. தமிழ் மடல் அஞ்சல் வழியில் செல்லும்போது பெரும்பாலும் பேஸ்64 என்னும் முறையில் ஆங்கில எழுத்துக் கோவையாக மடிக்கப்படுகிறது. ஜிமெயிலிலிருந்து மடல்களை மொத்தமாக இறக்கினால் கிடைக்கும் எம்பாக்ஸ் கோப்பிலும் அந்த மடிப்பு அப்படியே இருக்கும். அக்கோப்பை நோட்பேடில் திறந்து தமிழ்ச் சொல்லைத் தேடுவது வீண். தண்டர்பேர்டு போன்ற மென்பொருள் அதை அவிழ்த்துச் சொல்லடைவு கட்டிய பிறகே தேடல் கைகூடும். அந்த அடைவும் வழக்கமாகக் கணினியில்தான் தங்குகிறது, வன்தட்டில் அன்று. கணினி பழுதுற்றால் மறுபடி கட்ட வேண்டும். வன்தட்டு வாங்கிப் படியெடுத்ததும் கடமை முடிந்தது என்று நாமெல்லோரும் இருந்துவிட்டோம். நாமும் அக்குற்றத்தில் பங்காளியே.

இக்கரைக்கு இது புதிய இழப்பும் அன்று. நம் இல்லத்து மரப்பெட்டியில் பாட்டனார் கொழும்பிலிருந்து எழுதிய அரபுத்தமிழ்க் கடிதங்கள் சில உள்ளன. பாட்டியார் அவற்றைச் சரளமாக வாசிப்பார்கள். வாப்பா எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். நமக்கு அரபு எழுத்துத் தெரியும். தமிழோ நம் தொழில். ஆயினும் தமிழ் ஒலிகளுக்காக முன்னோர் கூட்டிச் சேர்த்த புள்ளிகளிடையே தடுமாறி இரண்டாம் வரியிலேயே நின்றுவிடுகிறோம். அரபுத்தமிழ் நம் வாசிப்பை விட்டு அகல மூன்று தலைமுறைகள் ஆயின. திஸ்கி மடல்கள் அகல இருபது ஆண்டுகளே போதுமானவையாயின.

மறுபுறம் பாருங்கள். 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் இங்கிருந்து எழுதிய மடல்களும் அறிக்கைகளும் கொழும்பு வழியாகத் தாயகம் சென்றன. அக்கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் தி ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றுள் சுமார் 50 இலட்சம் பக்கங்களின் கையெழுத்தைக் கணினியே படித்து அச்செழுத்தாக மாற்றிவிட்டது. ஊர்ப்பெயரை நாலைந்து எழுத்துக் கூட்டல்களில் மாற்றி மாற்றித் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நம் கடலில் முத்துக் குளித்ததைப் பற்றி 18ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியில் எழுதப்பட்டதை வீட்டிலிருந்தே தேடலாம். அதே கடலைப் பற்றி 2002இல் நம் ஆசிரியர் தமிழில் எழுதியதைத் தேட முடியவில்லை.

ஊர்ப் பெரியவர் ஒருவர் நம்மிடம், “மறைந்தவர் கடிதங்களை இப்படித் துழாவலாமா?” என்று வினவினார்கள். நியாயமான வினாவே. ஒருவர் எழுதிய மடல் பிறர் கையில் இருக்கும்வரை அமானிதம்தான். ஆகவே பேராசிரியரின் மகனாரிடம் முதலில் இசைவு பெற்றோம். குடும்பச் செய்திகள் உள்ள மடல்களைப் பிரித்து அவரிடமே ஒப்படைத்தோம். சொல்லாய்வு தொடர்பானவை மட்டுமே துறையில் உள்ளன. எதையும் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்ற நிலை வரும்போது, எதைத் தேடலாகாது என்பதையும் முன்னரே முடிவு செய்தாக வேண்டும்.

மாற்றும் வேலை நாம் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகள் பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்குக் கொண்டுவருகின்றன. முதுகலை மாணவர் இருவர் ஒரு விடுமுறைக் காலத்தில் பெரும்பகுதியை மாற்றி முடித்தனர். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, மாற்றிய படியை வெறும் உரைக் கோப்பாக, ஆண்டும் திங்களும் பொருளும் பெயரிலேயே விளங்குமாறு சேமித்தனர். நாளை எந்த மென்பொருள் மறைந்தாலும் வெறும் உரையைப் படிக்க வழியிருக்கும்.

படிகள் இரண்டு, ஒன்று வெளியூரில் இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. கீழ்த்தளத்துப் பேழை எத்துணை உறுதியானதாயினும் தண்ணீர் கேட்டுக்கொண்டு வருவதில்லை. புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் காலத்துச் சேசு சபையினர், ஒரே மடலை இரண்டு மூன்று படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பும் வழக்கம் கொண்டிருந்தனர். கப்பலை நம்பாதவர்கள் வன்தட்டையும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது ‘சலாபம்’ என்று தட்டினால் மடல்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஆயினும் 2003ஆம் ஆண்டின் இணைப்புகள் சில எம்மாற்றிக்கும் இணங்கவில்லை. அவை எந்த எழுத்துருவில் எழுதப்பட்டன என்பது தெரியவில்லை. காற்றுகளுக்கும் நீரோட்டங்களுக்கும் குளியாட்கள் இட்ட பெயர்களின் பட்டியல் அவற்றுள் இருப்பதாக வேறொரு மடலில் பேராசிரியர் குறித்திருக்கிறார். அக்காலத்தில் துறைக் கணினியில் தட்டச்சு செய்து உதவிய முன்னாள் மாணவர்கள் எவரேனும் இம்மலரைப் படிக்க நேர்ந்தால், தம் பழைய கணினியையோ குறுவட்டுகளையோ எறிந்துவிடாமல் ஒருமுறை துறைக்குக் கொண்டுவருமாறு வேண்டுகிறோம்.