உத்திரமேரூர் கல்வெட்டும் ஹிஸ்டோகிராமும்

கேமரா பத்தி எழுதி ரொம்ப நாளாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் சொந்தக் கதை, சோகக் கதை.

போன மாசம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தேன். முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919லயும் 921லயும் வெட்டின குடவோலைக் கல்வெட்டு இருக்கற இடம். சுவத்துல கொஞ்சம் வெயில், மிச்சமெல்லாம் நிழல். வளைச்சு வளைச்சு அறுபது படம் எடுத்தேன். கேமரா ஸ்க்ரீன்ல பார்த்தா அருமையா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா, வெயில் பட்ட இடத்துல எழுத்தே இல்ல. வெறும் வெள்ளை! ஆயிரத்து நூறு வருஷம் தாங்கின எழுத்தை ஒரே மதியத்துல அழிச்சுட்டேன் (படத்துலதாங்க).

என்ன ஆச்சுன்னா, ஃப்ரேம்ல நிழல்தான் அதிகம். 'அடடா, இருட்டா இருக்கே'ன்னு கேமரா வெளிச்சத்தை ஏத்திடுச்சு. வெட்டவெளியில ஸ்க்ரீன் மங்கலாத் தெரியும், அதனால வெளுத்துப் போன படம்கூட சரியா இருக்கற மாதிரியே தோணும். நானும் நம்பிட்டேன்.

ஒரு பட்டனை அமுக்கி ஹிஸ்டோகிராமைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க, வெறும் ஓட்டு எண்ணிக்கை. 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரைக்கும் ஒவ்வொரு அளவுலயும் எத்தனை பிக்சல்னு எண்ணி அடுக்கி வைக்குது. வலது ஓரத்துல முட்டிக்கிட்டு செங்குத்தா நின்னா, அங்க விவரம் காலி. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -1 வச்சிருந்தா மேடு இடதுபக்கம் நகர்ந்து எழுத்து பிழைச்சிருக்கும். நிழலை அப்புறமா தூக்கிக்கலாம், கொஞ்சம் புள்ளி புள்ளியா வரும், அவ்வளவுதான். முழுசா வெளுத்ததை மீட்க முடியாது. இப்போ ஏஐ நிரப்பிக் குடுக்குமாம். கல்வெட்டுல இல்லாத எழுத்தை இட்டுக்கட்டினா அதுக்குப் பேரு படமா?

இன்னொரு சண்டையும் பாக்கி இருக்கு. 'மேடு நடுவுல இருந்தாத்தான் சரியான எக்ஸ்போஷர்'னு சொல்லிக் குடுக்கறாங்களே, அது சுத்த தப்பு. ஏரித் தண்ணியில நிக்கிற கொக்கை எடுங்க. மேடு முழுக்க இடதுபக்கம் இருக்கும், வலதுல ஊசி மாதிரி ஒண்ணு நிக்கும். அந்த ஊசிதான் கொக்கு! அது ஓரத்துல முட்டாம இருந்தா இறகு தெரியும். மேட்டை நடுவுக்கு இழுத்தீங்கன்னா கொக்கு இருக்காது, வெள்ளைத் துணிதான் இருக்கும்.

அரக்குச் சிவப்புக் காஞ்சிப் பட்டு எடுக்கறவங்க சிவப்புக்குத் தனியா வர்ற ஹிஸ்டோகிராமையும் பாருங்க. மொத்தக் கணக்குல எல்லாம் நல்லா இருக்கற மாதிரி தெரியும், ஆனா சிவப்பு மட்டும் முட்டிக்கிட்டு நிக்கும். நெசவு மறைஞ்சு பெயின்ட் அடிச்ச மாதிரி ஆயிடும்.

குடத்துலேர்ந்து ஓலை எடுக்க, உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையனைத்தான் விடணும்னு அந்தக் கல்வெட்டுலயே இருக்கு. ஏன்? பெரியவங்க கண்ணு தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். ஸ்க்ரீனைப் பார்த்த என் கண்ணும் அப்படித்தான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பப் போறேன். கல்வெட்டு அங்கேயேதான் இருக்கும்னு தைரியம். ஆனா உங்க தாத்தா பாட்டியோட கல்யாண நாளை எடுக்கறவங்களுக்கு அந்த தைரியம் வேண்டாம், அங்கேயே ஒரு தடவை மேட்டைப் பார்த்துடுங்க.