நாலு மணிக்கு மேல அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாலே நம்ம கேன்டீனில் ஒரு கணக்கு ஓட ஆரம்பிச்சிடும். சிங்கப்பூர்னா கையில எவ்வளவு நிற்கும், துபாய்ல வருமான வரி இல்லையாமே, அமெரிக்காவுக்கு எம்.எஸ். போனா லோன் எத்தனை வருஷத்துல அடையும், கனடாவில் பி.ஆர். எப்போ கிடைக்கும். எக்செல் ஷீட்டே போட்டு வைத்திருக்கும் நண்பர்கள் உண்டு. அந்த ஷீட்டில் இன்னும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்கிறேன்: பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை, அந்த ஊரில் ஒரு குழந்தை என்ன செய்யும்?

சிரிக்காதீங்க. "எனக்கே இன்னும் அரியர் கிளியர் ஆகல, இதுல குழந்தையா?" என்று கேட்பது காதில் விழுது. ஆனால் இருபத்திரண்டு வயதில் நாம் எடுக்கிற முடிவுதான் பத்து வருஷம் கழித்து ஒரு குழந்தை எந்தத் தெருவில் விளையாடும், யாரோடு விளையாடும், விளையாடுமா என்பதையே முடிவு செய்யப் போகிறது. அந்தக் குழந்தையிடம் யாரும் கேட்கப் போவதில்லை. அதனால் இப்போதே நாம் கேட்டு வைப்போம்.

ஆரணியில் வெளிநாட்டில் யாருமே இல்லாத தெரு இன்று குறைவு. அங்கிருந்து வரும் வீடியோ காலில் குழந்தைகளின் வாரத்தைக் கேட்டுப் பாருங்கள். திங்கள் நீச்சல், செவ்வாய் கணக்கு வகுப்பு, புதன் கராத்தே, வியாழன் பாட்டு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிறு யாராவது வீட்டுப் பிறந்த நாள். பக்கத்து வீட்டுப் பையனோடு விளையாடணும்னாகூட இரண்டு அம்மாக்களும் பேசி, நாள் குறித்து, காரில் கொண்டுபோய் விட்டு, மணி பார்த்துக் கூட்டி வர வேண்டும். அதற்கு 'பிளேடேட்' என்று பெயர். விளையாட்டுக்கே அப்பாயின்ட்மென்ட்!

இதைப் பெற்றவர்களின் பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்கப் புறநகர்களில் கார் இல்லாமல் கடைக்கே போக முடியாத இடங்கள் ஏராளம். பெரியம்மா வீடு நாலு தெரு தள்ளி இல்லை. குழந்தையைத் தனியாக வெளியே விட்டால் அக்கம்பக்கத்தில் யாராவது போலீசைக் கூப்பிடுவார்களோ என்ற பயம் வேறு. அது கற்பனைப் பயம் இல்லை. குழந்தை தனியாகப் பள்ளிக்கு நடந்து போவதும், பூங்காவில் தனியாக விளையாடுவதும் பெற்றோரின் கவனிப்புக் குறைவு ஆகாது என்று சொல்வதற்காகவே 2018-ல் யூட்டா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான். நாம் எட்டு வயதில் கடைக்குப் போய் கொத்தமல்லி வாங்கி வந்ததற்கு அங்கே சட்டமன்றம் கூட வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணம் விசா. எச்-1பி-யில் இருப்பவரோடு இங்கிருந்து போன பிள்ளை எச்-4 விசாவில் இருக்கும். கிரீன் கார்டு வருவதற்குள் அந்தப் பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் 'சார்ந்தவர்' என்ற தகுதி போய்விடும். அதற்குப் பிறகு தனக்கென்று தனி விசா தேட வேண்டும். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையின் நீளம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அப்பா அம்மாவுக்கே அந்த நாட்டில் கால் ஊன்றாத நிலையில், பிள்ளை எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தால்தான் தப்பிக்கும் என்று நினைப்பது இயல்புதானே? 1985-ல் அமெரிக்கத் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில் வென்ற பாலு நடராஜன்தான் அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் இந்திய வம்சாவளிப் பிள்ளை. 2019-ல் எட்டுப் பேர் சேர்ந்து வென்றபோது அதில் ஏழு பேர் இந்திய வம்சாவளி. பெருமைதான், கைதட்டுவோம். ஆனால் அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் எத்தனை சாயங்காலங்கள் போயிருக்கும் என்றும் யோசிக்கணும்.

வளைகுடாவில் கதை வேறு. கோடையில் 40 டிகிரிக்கு மேல் போகும் வெயிலில் குழந்தைகள் வெளியே போக வழியில்லை. ஃபிளாட், ஏ.சி., மால், திரும்ப ஃபிளாட். அதுவும் குழந்தையைக் கூட்டிப் போகும் வசதி இருப்பவர்களுக்குத்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். சிங்கப்பூரில் குடும்பத்துக்கு விசா எடுக்க மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலராவது இருக்கணும். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் ஒர்க் பெர்மிட்டில் போகும் நம் ஊர் அண்ணன்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே. அவர்களின் பிள்ளைகள் இங்கேயே தெருவில் விளையாடுகிறார்கள். அப்பா மட்டும் போனுக்குள் இருக்கிறார். வெளிநாட்டுப் பணம் ஒரு குழந்தையிடமிருந்து தெருவை எடுத்துக்கொள்கிறது, இன்னொரு குழந்தையிடமிருந்து அப்பாவை எடுத்துக்கொள்கிறது. 'வெளிநாட்டுப் பிள்ளைகள்' என்று பேசும்போது இந்த இரண்டாவது பிள்ளையை மறந்துவிடுகிறோம்.

சரி, லீவுக்கு ஊருக்கு வரும்போதாவது? அமெரிக்காவில் கோடை விடுமுறை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. டிக்கெட் எடுத்து, ஜெட்லாக் தீர்ந்து, ஆயா வீட்டுத் திண்ணையில் பிள்ளை உட்காரும்போது இங்கே பள்ளிக்கூடம் திறந்திருக்கும். அத்தை பையன் எட்டு மணிக்கு வேன் ஏறினால் டியூஷன் முடிந்து வர ஏழரை ஆகும். வந்ததும் ஹோம்வொர்க். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம், புதுத் துணி எடுக்கலாம், எல்லாம் நடக்கும். ஆனால் தன் வயசுப் பிள்ளையோடு பகல் முழுக்க விளையாடுவது மட்டும் நடக்காது. கடைசியில் அது டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மூலையில் உட்காரும். "பாருங்க, அமெரிக்காப் பிள்ளை, யாரோடும் ஒட்டாது" என்று நாமே சொல்லுவோம். ஒட்டுவதற்கு ஆள் எங்கே?

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாகணும். 'அந்தக் காலத்தில் நம்ம ஊரில் பிள்ளைகள் சுதந்திரமாக விளையாடினார்கள்' என்று எழுதி முடித்துவிட்டால் நாலு லைக் அதிகம் வரும். ஆனால் அது பாதி உண்மை. பம்பரமும் கோலியும் கில்லியும் இருந்தது நிஜம். நெசவாளர் வீட்டில் தறி இருந்ததும் நிஜம். பட்டுச் சேலையில் கோர்வைக் கரை போடணும்னா மூன்று நாடா ஓடும்: உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. நெய்பவர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. ஒரு பக்கக் கரைக்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பல வீடுகளில் ஒரு குழந்தை. தார் சுற்றிக் கொடுப்பதும் குழந்தைதான். காஞ்சிபுரம் தறிகள் உட்பட இந்தியப் பட்டுத் தொழிலில் முன்பணத்துக்குப் பிணையாக உழைத்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் ஒரு முழு அறிக்கையே வெளியிட்டது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்தக் கதவு திறக்கும் நேரம் எது? அதே நாலு மணி.

அதாவது, நம் ஊரில் குழந்தையின் சாயங்காலம் சும்மா கிடைத்ததில்லை. தறிக்குச் சொந்தமாக இருந்த அந்த நேரத்தை மீட்டு நம் கையில் கொடுத்தது நம் அப்பா அம்மாக்கள். "நீ தறியில உட்காராதே, படி" என்று சொல்லிவிட்டு, அந்த இன்னொரு ஆளின் கூலியையும் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு நெய்தார்கள். புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டின் பெருமையைப் பேசுகிறோம். அதைவிடப் பெரிய பெருமை எனக்கு இதுதான். அப்படிக் கிடைத்த மாலை நேரத்தில்தான் நாம் கிரிக்கெட் ஆடினோம், சண்டை போட்டோம், சமாதானம் ஆனோம்.

அந்தப் பிள்ளைகள் இன்ஜினியர் ஆகி வெளிநாடு போய், தங்கள் பிள்ளையின் சாயங்காலத்தை மறுபடியும் வேலை நேரமாக மாற்றுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். தறியும் கராத்தே வகுப்பும் ஒன்றல்ல, தெரியும். ஒன்று வறுமை, இன்னொன்று வசதி. ஆனால் இரண்டிலும் அந்த மூன்று மணி நேரம் குழந்தையுடையது இல்லை.

"அங்கே நூலகம் இருக்கு, பூங்கா இருக்கு, நல்ல காற்று இருக்கு; இங்கே என்ன இருக்கு, நீட் கோச்சிங்கும் ரீல்ஸும்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெருவெல்லாம் பைக்கும் ஷேர் ஆட்டோவும் ஆன பிறகு ஆரணியிலும் பிள்ளைகளுக்கு ஆட இடம் சுருங்கிவிட்டது. அதனால் இது 'வெளிநாடு கெட்டது, ஊர் நல்லது' என்ற வாதமே இல்லை. வெளிநாடு என்பதும் ஒரே இடம் இல்லை. ஜெர்மனியில் குடியிருப்புத் தெருக்கள் பலவற்றில் பந்தோடு ஒரு குழந்தை இருக்கும் நீலப் பலகையைப் பார்க்கலாம். அந்தத் தெருவில் வண்டி நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும், பிள்ளைகள் நடுத்தெருவிலேயே விளையாடலாம். ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களாகவே பள்ளிக்கு நடந்து போகிறார்கள். ஆக, விளையாட்டு என்பது கலாச்சாரம் மட்டும் இல்லை மக்களே, ரோடு டிசைனும்கூட. சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.

ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-ல் வந்தது. அதன் 31-வது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா 1995-ல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் உறுதி செய்யவில்லை. நாம் ஏற்றுக்கொண்டும் டியூஷனை விடவில்லை என்பது தனிக்கதை.

மொழியையும் இதோடு சேர்த்தே பார்க்கணும். கலிஃபோர்னியத் தமிழ்க் கழகம் 1998-ல் தொடங்கியது. ஓஸ்லோவில் ஈழத் தமிழர்கள் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தை நடத்துகிறார்கள். வார விடுமுறையைத் தியாகம் செய்து சொல்லித் தரும் அந்தத் தன்னார்வலர்களுக்குத் தலை வணங்கலாம். ஆனால் வகுப்பால் மட்டும் மொழி நிற்குமா? சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளியிலேயே பாடம். அங்கேயே வீட்டில் அதிகம் ஆங்கிலம் பேசுவோர், எல்லா இனத்தவரையும் சேர்த்து, 2010-ல் 32.3 சதவீதம், 2020-ல் 48.3 சதவீதம். தமிழில் எழுதப் படிக்க வகுப்பு போதும். "டேய், நீ அவுட்டு, பொய் சொல்லாத!" என்று தமிழில் கத்துவதற்குக் கூட விளையாட ஆள் வேணும். அப்படிக் கத்திய மொழிதான் நாக்கை விட்டுப் போகாது.

போகாதீங்க என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. வாய்ப்பு வந்தால் நானும் விண்ணப்பம் போடுவேன். போகிறவர்களுக்கு மூன்றே வேண்டுகோள். வீடு பார்க்கும்போது ஆபீஸ் தூரத்தோடு சேர்த்து, பிள்ளை தானாக நடந்துபோய்ச் சேரக்கூடிய ஒரு பூங்காவோ ஒரு நண்பன் வீடோ இருக்கிறதா என்று பாருங்கள். வாரத்தில் இரண்டு மாலையாவது எந்த வகுப்பும் இல்லாமல் காலியாக விடுங்கள். "போர் அடிக்குது" என்று பிள்ளை சொன்னால் பதறாதீங்க, அதற்கப்புறம்தான் விளையாட்டே ஆரம்பிக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்ததும் காரை எடுக்காமல் ஒரு மணி நேரம் அங்கேயே எல்லாப் பிள்ளைகளையும் ஓட விடுங்கள்.

இங்கே இருக்கும் நமக்கும் ஒரு வேலை இருக்கு. இந்த ஜூனிலோ ஜூலையிலோ உங்கள் வீட்டுக்கு ஒரு வெளிநாட்டுப் பிள்ளை வரும். "தமிழ்ல ஏதாவது பேசு பார்ப்போம்" என்று நிறுத்தி வைத்துப் பரீட்சை வைக்காதீங்க. வீட்டில் இருக்கும் தம்பி தங்கையின் டியூஷனுக்கு ஒரு வாரம் லீவு சொல்லுங்கள். டியூஷன் சாரிடம் பேச வேண்டிய பொறுப்பு அண்ணன் அக்காவான நம்முடையது. பேட்டையும் பந்தையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, நாம் உள்ளே வந்துவிடணும். மீதியை அவங்களே பார்த்துக்குவாங்க.