கடல் கல்லான ஊருக்கு ஒரு நாள் பயணம்!

விடுமுறை வந்தால் போதும், ஊட்டி, கொடைக்கானல் என்று குடும்பங்கள் புறப்பட்டு விடுகின்றன. போவதில் தவறு இல்லை. ஆனால் கைப்பணம் கரைந்து விடும்.

காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டால், இரவு வீடு திரும்பி விடலாம். அப்படிப்பட்ட அதிசய பூமி ஒன்று திருச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் அரியலூர் - குன்னம் வட்டாரம்.

அங்கே பனி மலை இல்லை. பெரிய அருவி இல்லை. பிறகு என்ன இருக்கிறது?

கடல் இருக்கிறது! பல கோடி ஆண்டுகளுக்கு முன் அலை அடித்த கடல், இன்று கல்லாகிக் கிடக்கிறது.

ரெயிலில் போகும்போது...

திருச்சியில் ரெயில் ஏறினால் முதலில் காவிரி, அடுத்து கொள்ளிடம். லால்குடி வரை வயலும் வாழையும் கண்ணுக்குக் குளிர்ச்சி. புள்ளம்பாடி, கல்லக்குடி தாண்டியதும் காட்சி மாறுகிறது. வறண்ட மேடுகள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். சிமெண்டு ஆலைகள்.

அந்தச் சுண்ணாம்புக்கல், கடல் பிராணிகளின் ஓடுகள் படிந்து படிந்து உண்டானது. நம் வீட்டுச் சுவரிலும் அந்தக் கடல் கலந்திருக்கலாம்!

அரியலூருக்கு முன்னால் மருதையாறு. 1956 நவம்பர் 23-ந் தேதி வெள்ளத்தில் இங்கே பாலம் உடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பொறுப்பு ஏற்று, ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது.

முட்டை அல்ல!

அரியலூரில் இறங்கினால் பக்கத்தில் வாரணவாசி. அங்கே புதைபடிவப் பொருட்காட்சி சாலை இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்பது நல்லது. பிறகு குன்னம் போகலாம்.

2020 அக்டோபரில் குன்னத்தில் குளம் வெட்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. "டைனோசர் முட்டை!" என்று செய்தி பரவியது. விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்தார்கள். முட்டை அல்ல, அம்மோனைட் படிவங்கள் என்றார்கள்.

அம்மோனைட் என்பது கடலில் வாழ்ந்த பிராணி. நத்தை போல் சுருண்ட ஓடு, கணவாய்க்கு உறவு. சுமார் 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்து போனது.

அங்கிருந்து சாத்தனூர். 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று அங்கே படுத்திருக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறார்கள். ஆற்றில் அடித்து வரப்பட்டு, கடல் சேற்றில் புதைந்து கல்லான மரம் அது. 1940-ல் புவியியல் அறிஞர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தார். இன்று அதைச் சுற்றி வேலி இருக்கிறது.

கடைசியாக, காரை. மழை நீர் அறுத்து அறுத்து, களிமண் நிலம் ஓடையும் பள்ளமுமாக மாறி நிற்கிறது. மாலை வெயிலில் பார்த்தால் வேறு உலகம்! அங்கிருந்து பாடாலூருக்கு வந்தால், சென்னை - திருச்சி சாலையில் பஸ் கிடைக்கும்.

மறைத்து வைப்பதா?

"ஊர் பெயரை வெளியே சொன்னால் கூட்டம் வரும். ஆளுக்கு ஒரு கல்லாக எடுத்துப் போய் விடுவார்கள். சொல்லாமல் இருப்பதே மேல்" என்று சிலர் நினைக்கலாம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் முடிவு சரியல்ல.

யாருக்கும் தெரியாத பொருளுக்குக் காவல் ஏது? கல்மரம் பிழைத்தது எப்படி? மதிப்புத் தெரிந்த ஒருவர் கண்ணில் பட்டதால்தான்.

அரியலூர் பகுதியில் கல்லமேடு என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த டைனோசர் எலும்பு பற்றி 1987-ல் அறிஞர்கள் எழுதினார்கள். உலகிலேயே மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக அது இருக்கலாம் என்ற பேச்சு இன்றும் உண்டு. ஆனால் எலும்பு எங்கே? உதிர்ந்து மண்ணாகி விட்டது! படங்கள்தான் மிச்சம். கவனிப்பு இல்லாவிட்டால் கல்லும் கரையும்.

ஆகவே கதவை மூடுவது வழி அல்ல. காவலோடு திறப்பதே வழி.

ரெயில் நேரத்துக்கு ஏற்றபடி அரியலூரிலிருந்து ஒரு சுற்றுலா பஸ் விடலாம். உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வழிகாட்டிகளாக வைத்துக்கொள்ளலாம். கல்லால் சம்பளம் வந்தால், கல்லை அவர்களே காப்பார்கள். மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது வந்து பார்க்க ஏற்பாடு வேண்டும். தன் ஊர் மண்ணின் பெருமை தெரிந்த பிள்ளை, அதை ஜல்லியாக உடைக்க விட மாட்டான்.

போகிறவர்களுக்கும் கடமை உண்டு. தை, மாசியில் போங்கள். கோடை வெயில் தாங்காது. குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். பாருங்கள், படம் பிடியுங்கள். ஆனால் ஒரு சிறு கல்லைக்கூடப் பைக்குள் போடாதீர்கள்.

நம் வீட்டு அலமாரியில் அது வெறும் கல். அந்த மண்ணில் கிடந்தால்தான் அது சரித்திரம்!