இலைக்குக் காசா, நாற்காலிக்குக் காசா?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நாளாச்சு மக்களே. ஆணி கொஞ்சம் அதிகம். ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கிறவனுக்கு என்னடா ஆணின்னு கேட்காதீங்க. படிப்புக்கு நடுவே துறையில் மாதம் 40 மணி நேரம் 'ஹீவி' வேலை பார்க்கிறேன். மாணவ உதவியாளர்னு அர்த்தம். வாடகையும் சாப்பாடும் அதில்தான் ஓடுது. என் பொறுப்பில் இருப்பது மூன்று சர்வர்கள். அந்த மூன்றும் சேர்ந்து போன மாதம் என்னைப் படுத்திய பாட்டைத்தான் இங்கே கொட்டப் போறேன்.

பொட்டி தட்டாத நண்பர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். ஒரு பெரிய சர்வருக்குள் பல கணினிகள் இருப்பது போல மென்பொருளை வைத்தே பாவனை செய்யலாம். உள்ளே ஓடுவது விஎம், அதாவது மெய்நிகர் எந்திரம். அதைத் தாங்குகிற நிஜ இரும்பு ஹோஸ்ட். எங்களிடம் 3 ஹோஸ்ட். ஒவ்வொன்றிலும் 2 ப்ராசசர், ப்ராசசருக்கு 16 கோர், ஆக மொத்தம் ஹோஸ்ட்டுக்கு 32 கோர். லினக்ஸ் விஎம்கள் நாற்பது சொச்சம் இருக்கு, அதுகளால் ஒரு தொல்லையும் இல்லை. விண்டோஸ் சர்வர் விஎம் ஆறே ஆறு. வம்பெல்லாம் இந்த ஆறால்தான்.

விண்டோஸ் சர்வருக்கு 2016 பதிப்பிலிருந்து கோர் கணக்கு. விஎம்முக்கு நீங்கள் எத்தனை கோர் கொடுத்தீர்கள் என்பதை வழக்கமான உரிமம் கண்டுகொள்ளாது. அடியில் இருக்கிற ஹோஸ்ட்டின் அத்தனை கோருக்கும் வாங்கணும். ப்ராசசருக்குக் குறைந்தது 8, சர்வருக்குக் குறைந்தது 16. ஸ்டாண்டர்ட் வகையில் மொத்தக் கோருக்கும் ஒரு சுற்று வாங்கினால் 2 விஎம் ஓட்டலாம். மூன்றாவது வேண்டுமென்றால் மறுபடியும் மொத்தக் கோருக்கும் இன்னொரு சுற்று. டேட்டாசென்டர் வகையில் எத்தனை வேண்டுமானாலும் ஓட்டலாம், விலைதான் கிட்டத்தட்ட 6 மடங்கு. (2022 பதிப்புக்கு 16 கோரின் பட்டியல் விலை 1069 டாலர், 6155 டாலர். பெருக்கிப் பார்த்தால் ஒரு ஹோஸ்ட்டில் 10 விஎம் வரை ஸ்டாண்டர்ட் மலிவு, 11 வந்தால் டேட்டாசென்டர். சர்வர் வாங்கப் போகிறவர்கள் இதை எங்காவது எழுதி வெச்சுக்கோங்க.)

எனக்கு முன்னாடி இந்த வேலையைப் பார்த்தவர் ஒரு மதுரைக்கார அண்ணன். ஆறு விஎம், மூன்று ஹோஸ்ட், ஹோஸ்ட்டுக்கு ரெண்டு ரெண்டாகப் பிரித்து 96 கோருக்கு உரிமம் வாங்கி வெச்சிட்டு, படிப்பை முடிச்சுக் கிளம்பிட்டார். போன மாதம் பல்கலைக்கழகக் கணினி மையம் எல்லாத் துறைக்கும் ஒரு படிவம் அனுப்பியது. எத்தனை உரிமம் இருக்கு, எத்தனை ஓடுது, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று. நான் ஹோஸ்ட்டின் பழைய பதிவுகளைத் தோண்டினேன். அப்புறம் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, அந்த 96 எப்படி வந்துச்சு?"

"ஹோஸ்ட்டுக்கு ரெண்டுதானேடா தம்பி? அதுல என்ன தப்பு?"

"பேட்ச் போடும்போது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அடப்பாவி..." என்றார். திட்டியது என்னையா, அவரையேவான்னு தெரியலை.

மாதம் ஒருமுறை பேட்ச் போடும்போது ஒரு ஹோஸ்ட்டைக் காலி பண்ணணும். அதில் இருக்கிற விஎம்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஹோஸ்ட்டுக்கு நடந்து போயிடும். யாரும் தொட வேண்டியதில்லை, விஎம்வேர் தானாகப் பார்த்துக்கும். மூன்று ஹோஸ்ட் வாங்கினதே இந்த வசதிக்காகத்தான். அந்த இரவுகளில் சில ஹோஸ்ட்டில் மூன்று விண்டோஸ் விஎம் இருந்திருக்கு, ஒருமுறை நான்கு. ஆனால் உரிமம் கூடவே நடந்து போகாது. ஒரு சர்வருக்கு ஒதுக்கிய உரிமத்தை 90 நாளுக்குள் இன்னொரு சர்வருக்கு மாற்றக் கூடாது என்பது விதி. ஹோஸ்ட் ஒரேயடியாகச் செத்துப் போனால் மட்டும் விலக்கு. ஆக, ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை வரக்கூடுமோ அத்தனைக்கும் முன்கூட்டியே வாங்கி வெச்சிருக்கணும். நான்கு வரும் என்றால் ரெண்டு சுற்று. 96 இல்லை, 192.

தப்பு எங்களோடதுதான். படிக்காமல் வாங்கினோம். ஆனால் மீதி 96-ஐ வாங்கக் காசு எங்கிருந்து வரும்? ஹீவிகளுக்குச் சம்பளம் கொடுக்கிற அதே பையிலிருந்து. நாங்கள் நான்கு பேர். பேராசிரியர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கணக்கு உறுதிதானா?" என்று ரெண்டு தடவை கேட்டார். என் சம்பளத்துக்கே ஆப்பு வைக்கிற கணக்கை நானே சரிபார்த்துக் கொடுத்தேன். அவ்வ்வ்.

இனி என் கருத்து. நம்ம ஊர்க் கல்யாணத்தில் சமையல்காரர் எப்படிக் காசு வாங்குவார்? இலைக் கணக்கு. எத்தனை இலை விழுந்ததோ அத்தனைக்கு. மண்டபத்தில் ஐந்நூறு நாற்காலி இருக்கு, யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம், அதனால் ஐந்நூறுக்கும் கொடுங்கள் என்றால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? இந்த விதிகள் கேட்பது அந்த நாற்காலிக் காசு. ஓடியதற்கு இல்லை, ஓடியிருக்கக்கூடும் என்பதற்கு.

விற்பவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கு, மறுக்கலை. 90 நாள் கட்டுப்பாடு இல்லையென்றால் ஒரே உரிமத்தைக் காலையில் ஒரு அலுவலகம், ராத்திரி இன்னொரு அலுவலகம் என்று ஷிப்டு போட்டு ஓட்டிவிடுவார்கள். நம்மாளுங்க அதில் கில்லாடிகள். ஆனால் ஒரே அறையில், ஒரே கூட்டமாக இருக்கிற மூன்று ஹோஸ்ட்டில் என்ன ஷிப்டு? ஆறு விஎம் எங்கே நகர்ந்தாலும் ஆறுதான், ஏழாகாது. எண்ண முடியாது என்றும் சொல்ல முடியாது. ஐபிஎம்மில் தன் எண்ணும் கருவியை நிறுவி, அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருந்தால், விஎம்முக்குக் கொடுத்த அளவுக்கு மட்டும் காசு கட்டலாம். கருவியை நிறுவவில்லையென்றால்தான் முழு இரும்புக்கும் கணக்கு. எண்ணுவது எரிச்சல் பிடித்த வேலைதான், ஆனா முடியுது பாருங்க.

இன்னொரு கோடியில் ஆரக்கிள். விஎம்வேர் மாதிரி மென்பொருளால் பிரிப்பதை அவர்கள் எல்லையாகவே ஏற்பதில்லை. அவர்களுடைய டேட்டாபேஸ் நகர்ந்து போகக்கூடிய ஹோஸ்ட் எல்லாம் கணக்கில் வரும் என்பது அவர்கள் வாதம். இதைச் சொல்கிற ஆவணமோ, தான் தகவலுக்காக மட்டும்தான், ஒப்பந்தத்தின் பகுதி இல்லை என்று தானே ஒப்புக்கொள்கிறது. 2015ல் சாக்லேட் கம்பெனி மார்ஸ் இந்த மாதிரித் தணிக்கைத் தகராறில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்துக்கே போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. தீர்ப்பு என்று ஒன்று வந்திருந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கும்.

மைக்ரோசாஃப்ட்டே 2022 அக்டோபரிலிருந்து இலைக் கணக்கு ஒன்றையும் வெச்சிருக்கு. விஎம்முக்குக் கொடுத்த கோரை மட்டும் எண்ணினால் போதும், விஎம்முக்குக் குறைந்தது 8. அடியில் இருக்கிற இரும்பை யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் ஆறும் குட்டி விஎம்கள், 48 கோரில் கதை முடிஞ்சிருக்கும். 192 எங்கே, 48 எங்கே! ஆனால் சந்தாவோ 'சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ்' என்கிற தொடர் கட்டணமோ கட்டுபவர்களுக்கு மட்டும்தான் அது. ஒரேயடியாக வாங்கி வைத்த எங்களுக்குக் கிடையாது. இதுதான் எனக்குப் பொறுக்கலை. நியாயமான அளவுகோல் எது என்று தெரிந்துதான் இருக்கு, அதையே தனியாக விலைக்கு வெச்சிருக்காங்க.

எதை வாங்குவது என்று துறையில் ஒரு வாரம் மண்டையை உடைத்தோம். கடைசியில் எதையும் வாங்கவில்லை. விண்டோஸ் விஎம்களை ரெண்டு ரெண்டாக அந்தந்த ஹோஸ்ட்டிலேயே கட்டிப் போட்டுட்டேன், நகரவே கூடாது என்று. 96 போதும். நடந்ததை மறைக்காமல் எழுதி, இனிமேல் இப்படித்தான் என்று படிவத்தைக் கொடுத்தாச்சு. நாலு பேர் சம்பளமும் தப்பிச்சது.

ஆனால் பேட்ச் போடும்போது அந்த ரெண்டையும் இப்போ அணைத்தே ஆகணும். அந்த ஆறில் ஒன்று, துறையில் பயன்படுத்தும் ஒரு சிமுலேஷன் மென்பொருளுக்கு உரிமம் வழங்குகிற சர்வர். (ஆமாங்க, உரிமம் கொடுக்கிற விஎம்தான் உரிமம் இல்லாததால் நகர முடியாமல் நிற்குது.) அது ஐந்து நிமிடம் காணாமல் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு அப்படியே நின்னுடும். முதல் தடவை நான் அறிவிப்பு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், ஒரு ஆராய்ச்சி மாணவி அதைப் பார்க்கலை. நான்கு நாள் ஓடிய கணக்கு போச்சு. அவங்க என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வரும் வியாழக்கிழமை ராத்திரி மறுபடி பேட்ச். இந்தத் தடவை மின்னஞ்சலை நம்புவதாக இல்லை. ஆய்வகக் கதவிலும் காபி மெஷின் மேலேயும் பெரிய எழுத்தில் தாள் ஒட்டணும். பிரிண்டர் அறையைப் பூட்டுவதற்குள் கிளம்புறேன்.

பி.கு: உங்கள் அலுவலகத்தில் விஎம் தானாக நகர்கிறதா? ஆம் என்றால், போன பேட்ச் இரவில் எந்த ஹோஸ்ட்டில் எத்தனை விண்டோஸ் இருந்தது என்று ஒருமுறை பதிவுகளைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நான் மட்டும்தான் இப்படியா, இல்லை கூட்டமாகத்தான் இருக்கோமான்னு தெரிஞ்சுக்கணும் :-)