சொப்பில் ஒட்டிய பசை

சொப்புச் சாமான் என்றாலே எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரம்தான். அம்மி, ஆட்டுரல், உலக்கை, திருகை, குடம், அடுப்பு என்று ஒரு குடித்தனமே சின்ன ஓலைப்பெட்டிக்குள் அடங்கியிருக்கும். என் அம்மாவுக்கு அவள் ஆச்சி வாங்கிக் கொடுத்த சொப்பு என்னிடம் இருக்கிறது. பேத்தியின் முதல் பிறந்த நாளுக்குக் கொடுக்கலாமென்று பரணிலிருந்து இறக்கினேன். திறந்து பார்த்தால் ஒரே வயிற்றெரிச்சல்!

குற்றம் என்னுடையதுதான். வீடு மாறும்போது மூடிகள் கழன்று விழக்கூடாதென்று செல்லோ டேப்பைச் சுற்றி வைத்திருந்தேன். பத்து வருஷத்தில் டேப் உதிர்ந்துவிட்டது. பசை மட்டும் பழுப்பேறி, கல்லாக இறுகிக் கிடந்தது.

"நெயில் பாலிஷ் எடுக்கிற தண்ணியை வச்சுத் துடைம்மா, போயிரும்" என்றாள் மகள். துடைத்தேன். பசை போயிற்று, கூடவே குடத்தின் சிவப்பும் போயிற்று. பஞ்சு பூராவும் சாயம்!

மனசு கேட்கவில்லை. குடத்தைப் பையில் போட்டுக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்கே பஸ் ஏறினேன். கடைசல் பட்டறை அண்ணாச்சி பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது பெயிண்ட் இல்லம்மா, அரக்கு. மரம் சுத்தும்போது அரக்குக் குச்சிய வச்சு அழுத்துவோம். அந்தச் சூட்டுல உருகிப் புடிச்சுக்கிடும். இதுல போயி அதப் போட்டியளே!"

அரக்கு, பூச்சியிலிருந்து கிடைக்கும் பிசின். ஸ்பிரிட்டிலும், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனிலும் இளகிவிடும். சலவைச் சோடாவும் ஆகாது. கொதிக்கிற தண்ணீர் பட்டாலும் பிசுபிசுக்கும். நேரம் போகத் தண்ணீரில் ஊறப் போட்டால் வெளுத்துப் போகும். ஆனால் எண்ணெய்க்கு அரக்கு அசைந்து கொடுக்காது. டேப் பசைதான் இளகும். சூட்சுமம் இவ்வளவுதான்.

ஆகவே சகோதரிகளே, முதலில் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் சாயம் ஏறவில்லையென்றால், எண்ணெயில் நனைத்த பஞ்சைப் பசைமேல் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கட்டைவிரலால் தேய்த்தாலே திரிதிரியாக உருண்டு வரும். வராத இடத்தைப் பனையோலை நறுக்கால் மெள்ளத் தள்ளுங்கள். கத்தியோ பிளேடோ கூடவே கூடாது. மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு ராத்திரி. அவசரப்பட்டால் என் குடத்தின் கதிதான்! கடைசியில் உலர்ந்த கடலை மாவைத் தூவித் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். கெரசின் வேண்டாம், பிள்ளைகள் வாயில் வைக்கிற சாமான்.

ஃபெவிகால் இறுகியிருந்தால் எண்ணெய் பலிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியை அந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வைத்தால் வெளுத்து இளகும். எடுத்ததும் உடனே ஈரம் போகத் துடைத்துவிடவேண்டும். ஃபெவிக்விக் என்றால் தொடாமல் விடுங்கள். அதைக் கரைப்பதும் அந்த அசிட்டோன்தான்.

குடத்தை அண்ணாச்சி மறுபடி கடைசலில் ஏற்றி அரக்குப் பிடித்துத் தந்தார். புதுச் சிவப்பு மற்றவற்றோடு சேராமல் பளிச்சென்று தனியாக நிற்கிறது. பழைய சாயத்தில் அந்தக் காலத்தில் எதைக் கலந்தார்களோ. உலக்கை வேறு குழந்தை விழுங்குகிற அளவு. அதனால் சொப்பு இப்போது கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. பேத்தி வெளியே நின்று தட்டுகிறாள். வாயில் வைக்கிற வயசு தாண்டட்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.