ஏழால் பெருக்கினால் போதுமா?

நாயின் வயதை ஏழால் பெருக்கினால் மனித வயது வந்துவிடும் என்று ஒரு கணக்கு ஊர் முழுக்க இருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஏழாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும், வசதியான கணக்கு! ஆனால் தப்பான கணக்கு. ஒரு வயது பெண் நாய் குட்டியே போட்டுவிடும். ஏழு வயது சிறுமியோடு அதை எப்படி ஒப்பிடுவது?

2020-இல் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வில் வயது ஏற ஏற உண்டாகும் வேதி மாற்றங்களை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் சூத்திரப்படி ஒரு வயது லாப்ரடார் 31 வயது மனிதருக்குச் சமம். 4 வயதில் 53. பிறகு வேகம் குறைந்து, 12 வயதில் சுமார் 71. ஆரம்பத்தில் ஓட்டம், அப்புறம் நடை. இதுவும் ஓர் இனத்தை வைத்துப் போட்ட கணக்குதான் என்பதை மறக்கக் கூடாது.

ஏனென்றால் உடம்பின் அளவும் முக்கியம். யானை எலியை விட நெடுநாள் வாழ்கிறது. நாய்களுக்குள் மட்டும் கதை தலைகீழ்! கிரேட் டேன் ஆறு ஏழு வயதிலேயே கிழமாகிவிடும். அந்த வயதில் பொமரேனியன் தெருவில் போகிறவர்களை எல்லாம் குரைத்து விரட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் 2019-இல் ஒரே வயதைச் சொல்லாமல், எதிர்பார்க்கும் ஆயுளின் கடைசி கால் பங்குதான் முதுமை என்றது. பூனைக்குப் பத்து வயதைத் தாண்டினால் முதுமை.

சரி, வயதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? இங்கேதான் கோளாறு. நாய் மாடிப்படி ஏறாமல் கீழேயே படுத்துக்கொள்கிறது. "வயசாயிடுச்சு, பாவம்" என்கிறார்கள். பூனை முன்பு ஏறிய மதில் மேல் ஏறுவதில்லை. அதற்கும் "வயசாயிடுச்சு". பல நேரங்களில் அது மூட்டு வலி. முதுமைக்கு மருந்து கிடையாதுதான், மூட்டு வலிக்கு உண்டே! வாயைத் திறந்து சொல்லத் தெரியாத ஜீவனின் வலிக்கு முதுமை என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்து போவது சரியா?

பூனை விஷயத்தில் இது இன்னும் மோசம். வலியை மறைப்பதில் பூனை கில்லாடி. அது அடிக்கடி தண்ணீர் குடித்து நிறைய சிறுநீர் கழித்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ காரணமாக இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டைச் சந்தேகிக்க வேண்டும். வீட்டுக்காரர்களோ, "இந்த வயசிலும் என்னமா சாப்பிடுது பாரு" என்று சந்தோஷப்படுகிறார்கள். கிழ நாய் ராத்திரியில் காரணமில்லாமல் குரைத்தாலும், சுவர் மூலையில் போய் விழித்துக்கொண்டு நின்றாலும் திட்டுதான் விழுகிறது. மனிதர்களுக்கு மறதி நோய் வருவது போல நாய்களுக்கும் வரும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அக்கறையிலும் ஆபத்து இருக்கிறது. வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுப்பவர்கள் உண்டு. ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையின் உயிரை எடுத்துவிடக்கூடும். ஐப்யூபுரூஃபன் நாய்க்கும் ஆகாது.

அதற்குப் பதில் செலவில்லாத ஒரு காரியம் செய்யலாம். வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால், மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்க வேண்டும். பிறகு தனியாக ஏறி, கழித்துப் பார்த்து, காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். நாலு கிலோ பூனையில் அரைக் கிலோ குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது அறுபது கிலோ மனிதர் ஏழரை கிலோ இளைத்ததற்குச் சமம். அந்த மனிதரை வயசாயிடுச்சு என்று யாரும் வீட்டிலேயே வைத்திருக்க மாட்டார்கள்.