'கெட் அவுட்' உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

முதலில் ஒரு சின்ன டெஸ்ட். வாழ்க்கையில் உங்கள் காதில் விழுந்த முதல் இங்கிலீஷ் வாக்கியம் எது? யோசிக்காமல் சொல்லுங்கள். ஸ்டாண்ட் அப், சிட் டவுன், ஷட் அப், கெட் அவுட் – இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். நாலுமே அசல் பிரேசல் வெர்ப். வினைச்சொல்லுக்குப் பின்னால் அப், அவுட், ஆஃப், டவுன் என்று ஒரு வாலைக் கட்டி அர்த்தத்தைப் புரட்டிப் போடுகிற சமாசாரம். மூன்றாம் கிளாஸ் பையன் 'கெட் அவுட்' கேட்டதும் பெஞ்சை விட்டு எழுந்து வெளியே போகிறான். அவனுக்கு யாரும் பட்டியல் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை.

இதை ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் மாடி வீட்டுப் பெண் இங்கிலீஷ் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

சேலையூரில் படித்த பெண். நல்ல மார்க். ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. பெயர் வேண்டாம். 'ஐ பாஸ்டு அவுட் இன் 2023' என்று ஆரம்பித்திருக்கிறாள். எதிரே டை கட்டியிருந்தவர், 'அப்படியா, இப்போ மயக்கம் தெளிஞ்சுதா?' என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த ரெண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவதாம். அதற்கப்புறம் அவளுக்கு வாயே திறக்கவில்லை. வேலையும் இல்லை. இப்போது ஐந்நூறு பிரேசல் வெர்ப் போட்ட ஒரு கைடு வாங்கி, மொட்டை மாடியில் நடந்து நடந்து நெட்டுரு போடுகிறாள்.

அந்த டை கட்டியவருக்கு ஒரு தகவல். தாம்பரத்தில் பீச் ட்ரெயின் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் பரங்கிமலை வரும். அங்கே 1963-ல் ஆரம்பித்த ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. பயிற்சி முடிகிறபோது அணிவகுப்பு நடக்கும். அதன் பெயர் பாஸிங் அவுட் பரேட். இந்திய ராணுவம் வருஷா வருஷம் கொத்துக் கொத்தாக மயங்கி விழுகிறதா சார்? பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு பாஸ் அவுட் என்று சொன்னது பிரிட்டிஷ்காரன். ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரியிலும் இருக்கிறது. ராணுவத்துக்குச் சொன்னதை நாம் காலேஜுக்கு நீட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். லண்டன்காரர் காலேஜுக்கு 'கிராஜுவேட்டட்' என்பார், ஒப்புக்கொள்கிறேன். அதை ஒரு வரியில் திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். சிரித்திருக்க வேண்டியதில்லை.

இந்த வால் வினைகள் வெளியாருக்குப் படுத்தும் என்பது இங்கிலீஷ்காரர்களுக்கே தெரியும். சாமுவேல் ஜான்சன் 1755-ல் அகராதி போட்டபோதே, அந்நிய தேசத்தாருக்கு மிகப் பெரிய கஷ்டம் இதுதான் என்று முன்னுரையில் எழுதி வைத்துவிட்டார். பிரேசல் வெர்ப் என்ற பெயர் பரவியதோ 1925-ல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய புத்தகத்துக்கு அப்புறம். அதாவது பெயர் வைக்கவே அவர்களுக்கு நூற்றெழுபது வருஷம் பிடித்திருக்கிறது. நம் பெண்ணுக்கு முப்பது நாளில் வந்துவிட வேண்டுமாம்!

முப்பது நாள் என்றதும் ஞாபகம் வருகிறது. குரோம்பேட்டை, கேம்ப் ரோடு, பெருங்களத்தூர் என்று எங்கே போனாலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு. உள்ளே போனால் ஜெராக்ஸ் தாள் தருவார்கள். கிவ் அப், கிவ் இன், கிவ் அவே, கிவ் அவுட். எதிரே தமிழ் அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை ஒப்பி. என் கோபமெல்லாம் இந்தத் தாள் மேல்தான்.

இதே வைத்தியத்தைத் தமிழுக்குப் பண்ணிப் பாருங்கள். ஒரு வெள்ளைக்காரர் தமிழ் கற்க வருகிறார். நீங்கள் தாள் கொடுக்கிறீர்கள்: போட்டுப் பார், போட்டுக் கொடு, போட்டு வாங்கு, போட்டுத் தள்ளு. முதலாவது ஜவுளிக்கடை சட்டைக்கு. இரண்டாவது மேனேஜரிடம் கோள் மூட்டுவது. மூன்றாவது அடுத்தவர் வாயைக் கிளறி விஷயம் கறப்பது. நாலாவது கொலை! நாலிலும் 'போடு' ஒன்றுதான். மனுஷன் ட்ரையல் ரூம் எங்கே என்று விசாரிக்கப் போய், 'சட்டையைப் போட்டுத் தள்ளலாமா' என்று கேட்டால் நாம் சிரிப்போம். ஆனால் வேலை இல்லை என்று அனுப்ப மாட்டோம். 'அடடா, தமிழ் பேசறாரே' என்று காபி வாங்கித் தருவோம்.

விஷயம் என்னவென்றால், நமக்கு இந்த வித்தை தாய்ப்பாலோடு வந்தது. பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடத்தில் துணைவினை என்று ஒரு பகுதி வருமே, அதேதான். சாப்பிடு, சாப்பிட்டுவிடு – இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசமோ, கிட்டத்தட்ட அதுதான் ஈட்டுக்கும் ஈட் அப்புக்கும். தட்டு காலியாக வேண்டும். பேசிக்கொண்டே இருந்தால் கீப் ஆன். செய்து பார்த்தால் ட்ரை அவுட். எடுத்து வைத்தால் செட் அசைட். எல்லாம் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தாது. 'வந்து தொலை'யில் இருக்கிற சலிப்பை எந்த வாலாலும் கொண்டுவர முடியாது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் முக்கால்வாசிப் பயம் போய்விடும். ஒரே பையில் தமிழ்ப் புத்தகமும் இங்கிலீஷ் புத்தகமும் இருக்கின்றன. ஒன்றில் துணைவினை, இன்னொன்றில் பிரேசல் வெர்ப். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட எந்த வாத்தியாருக்கும் தோன்றவில்லை என்றால் யாரைச் சொல்வது?

போனை எடுத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் நாம் 'வச்சுடறேன்' என்கிறோம். இங்கிலீஷ்காரர் 'ஹேங் அப்' என்கிறார். ரிசீவரைக் கொக்கியில் மாட்டிய காலத்தின் மிச்சம் அது. நம்முடையது தாங்கியில் வைத்த காலத்தின் மிச்சம். இன்று கையில் இருக்கிற செல்போனில் கொக்கியும் இல்லை, தாங்கியும் இல்லை. இதை ஒரு தடவை சொன்னால் போதும், குழந்தைகூட மறக்காது.

உடனே சில பேர் கிளம்புவார்கள், 'அப்போ டிஸ்கஸ் அபவுட், ரிட்டர்ன் பேக், கோப் அப் எல்லாம் சரியா?' என்று. சரியில்லை சார். வேலைக்கு எழுதுகிற கடிதத்தில் வேண்டாம். அபவுட் எங்கிருந்து வந்தது என்றால் நம் 'பத்தி'யிலிருந்து. 'அதைப் பத்திப் பேசினோம்' என்று மனசில் ஓடுகிறது, கை அபவுட் போடுகிறது. காரணம் சொன்னால் பிள்ளைகள் அங்கேயே திருத்திக்கொள்வார்கள். பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' பண்ணக் கூடாது, 'கெட் ஆஃப்' பண்ண வேண்டும் என்பதும் அப்படித்தான். படியில் கீழே இறங்குகிறவனுக்கு டவுன் தோன்றுவது இயற்கைதானே! முட்டாள்தனமா அது?

'லைட்டை ஆஃப் பண்ணு' என்கிறோமே, அது இன்னும் அழகு. ஸ்விட்ச் ஆஃபில் வினையைத் தூக்கி எறிந்துவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு நம் 'பண்ணு'வை ஒட்டவைத்தோம். நாய் போய் வால் குரைக்கிறது. அதுவும் வீட்டுக்கு வீடு, ஒரு குழப்பமும் இல்லாமல்.

நேற்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஏம்மா, அந்தக் கைடை எங்கிட்ட குடு, போட்டுக் கொடு, போட்டு வாங்கு மாதிரி நாலு நீயே எழுதிட்டு வா" என்றேன். ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். தள்ளு, தொலை, கிழி, வை என்று தனித்தனிக் கட்டம். பக்கத்தில் இங்கிலீஷ் அவளே போட்டது. 'எழுதிக் கிழிச்சான்' என்பதற்கு எதிரே மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

"இதுக்கு என்ன அங்கிள்?"

எனக்கும் தெரியவில்லை. ரெண்டு பேரும் டிக்‌ஷனரியைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.